வாரண்ட் வேண்டாம் என்பது பாதி உண்மைதான்
பிடியாணை (வாரண்ட்) தேவைப்படாத குற்றம் என்றால் போலீசார் எவரையும் உடனே கைது செய்யலாம் என்று கைது பற்றிய இந்தக் கட்டுரை அடித்துச் சொல்வது பாதி உண்மைதான். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், சாட்சியை மிரட்டுவார், தடயத்தை அழிப்பார், கோர்ட்டுக்கு வரமாட்டார் என்பதுபோல ஏதாவது ஒரு காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்ல வேண்டியதுதான். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதும் இதையே. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 35ஆவது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது: மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்றால், 60 வயதைத் தாண்டியவரையோ உடல் தளர்ந்தவரையோ டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன் அனுமதியின்றிக் கைது செய்யக்கூடாது. கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம் போன பிசான நெல் பருவத்தில் மடைத் தண்ணீர்த் தகராறு; வழிமறித்தார் என்று எழுபதை நெருங்கும் எங்கள் பெரியப்பாவை இரவில் ஜீப்பில் ஏற்றினார்கள். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சச் சிறையே ஒரு மாதம்! வக்கீல் இந்தப் பிரிவைக் காட்டிய பிறகு, "சும்மா விசாரணைக்குத்தான் கூப்பிட்டோம்" என்று அனுப்பிவிட்டார்கள். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் 'விசாரணைக்கு அழைப்பது கைதாகாது' என்கிறார். எழுந்து வீட்டுக்குப் போக விடாதபோது அதற்கு வேறு என்ன பெயர்? கைதானவரை 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய கணக்கு ஓடக்கூடாது என்றுதான் பல இடங்களில் கைது என்றே எழுதுவதில்லை. சாட்சியாக விசாரிப்பதானாலும், 60 கடந்தவரை ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர் வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.