சமைக்காத உணவுக்கு முதலில் கூட்டாளி தேடுங்கள்

சமைக்காத உணவுக்கு மாறப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். கூட யார் இருக்கிறார்கள்? என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு முன் தனியாக ஆரம்பித்து, தப்பான இடத்தில் போய்ச் சேர்ந்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டு, பிறகுதான் சரியான ஆட்களைக் கண்டுபிடித்தேன். அதனால் இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அப்போது எனக்கு 46 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது, எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நான் ஒரே மூச்சில் மூன்று வேளையும் பழம், தேங்காய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி என்று இறங்கிவிட்டேன். பசியைச் சமாளித்துவிடலாம். முடியாமல் போனது வீட்டில்தான். காலையில் அத்தை இட்லித் தட்டைத் திறந்து, "ரெண்டே ரெண்டு வச்சுக்கம்மா" என்பார்கள். நான் வேண்டாம் என்றதும் ஒன்றும் சொல்லாமல் மூடிவிடுவார்கள். அந்த மூடி விழும் சத்தம் மதியம் வரை காதிலேயே இருக்கும். ஒரு காதுகுத்து வீட்டில் இலையில் உட்கார்ந்து வாழைப்பழம் மட்டும் போதும் என்றேன். பந்தி முடிவதற்குள் நாலு பேர், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டார்கள்.

தென்காசிப் பக்கம் சிவசைலத்தில் இருக்கும் நல்வாழ்வு ஆசிரமத்தில் போய்த் தங்கி இயற்கை உணவு பழகியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். அங்கே இருந்த நாட்களில் கஷ்டமே தெரியவில்லை என்பார்கள். ஊர் திரும்பி வீட்டுத் தாளிப்பு வாசம் மூக்கில் ஏறியதும் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அவர்களுக்கு மன உறுதி குறைவு என்று நான் நினைக்கவில்லை. அங்கே பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிட ஆள் இருந்தது, இங்கே இல்லை.

அந்த ஆள் தேடித்தான் நானும் ஓர் இயற்கை உணவுக் குழுவில் சேர்ந்தேன். மாதம் ஒருமுறை கூடுவோம். எல்லோரும் அன்பானவர்கள், அதில் சந்தேகமே இல்லை. முதல் மூன்று மாதம் எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. எடையும் இறங்கியது. அப்புறம் மாடிப்படி ஏறினால் தலை சுற்றியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல மரமரப்பு. போய்ச் சொன்னால், "கழிவு வெளியேறுது, பொறுத்துக்கோங்க" என்றார்கள். நான்கு மாதம் பொறுத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இதேபோல முடியாமல் விலகிப் போன ஒரு பெண்ணைப் பற்றி, "அவங்களுக்கு நம்பிக்கை பத்தலை" என்று பேசியதும் நினைவிருந்ததால் வாயைத் திறக்கவே தயங்கினேன்.

கடைசியில் என் தங்கைதான் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வைட்டமின் பி12 தரை தட்டியிருந்தது. ஊசி போட்டு, மாத்திரை எடுத்துத் தேறி வந்தேன். பி12 காய், கனி, பயறுகளில் கிடைக்காது, பச்சையாகத் தின்றாலும் வேகவைத்துத் தின்றாலும் அப்படித்தான். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, இல்லாவிட்டால் மாத்திரை. ஜெர்மனியில் சமைக்காத உணவை நெடுநாளாகக் கடைப்பிடித்த 201 பேரை ஆராய்ந்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். கெட்ட கொழுப்பு அவர்களுக்குக் குறைவாகத்தான் இருந்தது. கூடவே 38 சதவீதம் பேருக்கு பி12 பற்றாக்குறையும் இருந்தது. நான் சேர்ந்திருந்த குழுவில் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்கள்.

காந்தியும் இதை முயன்று பார்த்தவர்தான். 1893-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒருமுறை. 1929 மே மாதம் மறுபடியும். முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன் என்று சாப்பிட்டார். கூட இருந்த சிலரும் சேர்ந்துகொண்டார்கள். அதைப் பற்றித் தன் 'யங் இந்தியா' வார இதழில் ஆர்வத்தோடு எழுதினார். ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்திவிட்டேன் என்பதையும் அதே இதழில் எழுதினார். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஊரையே அழைத்து ஆரம்பித்தவர், முடியவில்லை என்பதையும் ஊருக்கே சொன்னார். அப்படிச் சொல்ல இடம் கொடுக்கிற கூட்டம்தான் கூட்டம். நல்ல சேதியை மட்டும் கொண்டுவா என்கிற இடத்தில் ஒரு நாளும் உட்காராதீர்கள்.

இப்போது என் கூட்டம் வேறு. நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் காலை நடைப்பயிற்சியில் பழக்கமானவர்கள். தினம் ஒரு வேளை, காலை உணவு மட்டும், சமைக்காதது. மதியம் அவரவர் வீட்டுச் சோறு. சனிக்கிழமை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சேர்ந்து சாப்பிடுவோம், ஆளுக்கு ஒன்று கொண்டு வருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் ரத்தம் பரிசோதித்து, முடிவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவோம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் எங்களோடு சேர முடியாது.

பச்சைப்பயறு முளைகட்டுவது என் பொறுப்பு. வியாழன் இரவு ஊறவைத்து, வெள்ளி காலையில் வடித்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவேன். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு வேளையாவது அலசி மறுபடி கட்ட வேண்டும், இல்லையென்றால் வழவழத்து வாடை வந்துவிடும். சனிக்கிழமை விடியும்போது முடிச்சு இறுகி, துணியின் இழைக்குள்ளேயே வெள்ளை வால் நீட்டியிருக்கும். உதறி எடுத்தால் ஈரமண் மாதிரி ஒரு மணம். வாடை லேசாக மாறியிருந்தாலும் செடிக்குப் போட்டுவிடுவேன். கத்திரி வெயில் நாட்களில் ஐந்து நிமிடம் ஆவி காட்டிவிடுகிறோம். 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தில் கிருமி இருந்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆவி காட்டியதால் விரதம் கெட்டது என்று எங்களில் யாரும் முகம் சுளிப்பதில்லை. மொச்சை, ராஜ்மா, மரவள்ளி பக்கம் பச்சையாகப் போகவே மாட்டோம்.

வீட்டார் மனம் மாறியதைச் சொல்லாமல் விட முடியாது. முதல் சனிக்கிழமை அத்தை மாடிக்கு வந்து தட்டுகளைப் பார்த்தார்கள். "இதுல என்ன அதிசயம்? ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி கலக்குறோம், ஆத்தாளுக்கு மாவிளக்கு போடுறோம். அடுப்புல வச்சா செய்யிறோம்?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாவிளக்கு மாவு பச்சரிசியும் வெல்லமும்தான். பழனிப் பஞ்சாமிர்தம் அடுப்பைப் பார்ப்பதில்லை. பானகம், நீர்மோர் எல்லாமே அப்படித்தான். இவற்றில் ஒன்றைக்கூட யாரும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கை நீட்டி வாங்குவார்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுப்பார்கள். நான் தனியாக, முகத்தை இறுக்கிக்கொண்டு தின்றதுதான் அத்தைக்கு அந்நியமாகப் பட்டிருக்கிறது. அதற்கு அடுத்த வாரமே அவர்கள் சிவப்பு அவலை நனைத்து, தேங்காயும் வெல்லமும் கலந்து எடுத்து வந்தார்கள். அவல் தயாரிக்கும்போதே நெல்லை ஊறவைத்து வறுக்கிறார்கள், கண்டிப்பானவர்கள் சேர்க்க மாட்டார்கள். நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

போன மாதம் 63 வயது சார் ஒருவர் புதிதாக வந்தார். மனைவி தவறி ஒரு வருடம் ஆகிறது. அடுப்பே பற்றவைக்கத் தெரியாது, ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் மஞ்சள் பையில் ஒரு முழுத் தேங்காயோடு வந்து நின்றார், அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தைதான் உடைத்து, தண்ணீரை அவரிடமே நீட்டி, அரிவாள்மணையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். இப்போது அவரே வீட்டில் துருவி டப்பாவில் கொண்டு வருகிறார். ஓடு வரை சுரண்டிவிடுவதால் துருவலெல்லாம் பழுப்பு. போன சனிக்கிழமை அத்தை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்கள்: "பழுப்பு தெரிஞ்சதும் மூடியைத் திருப்பிக்கணும் தம்பி. அடுத்த வாரம் சரியா வந்துரும்."