மரத்துப்போன கால் சும்மா இருப்பதில்லை

தண்டுவடம் அடிபட்டவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் செய்வது, காலை லேசாகக் கிள்ளி "இது தெரியுதா?" என்று கேட்பதுதான். தெரியவில்லை என்றதும் முகம் வாடிவிடும். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது "செத்துப்போன கால்". தூக்குவதும் வைப்பதும் விறகுக்கட்டையைக் கையாள்வதுபோல ஆகிவிடும்.

பின்னால் வரும் துன்பங்களில் பாதிக்கு இந்தப் பெயர்தான் வேர் என்பேன். அந்தக் காலில் ரத்தம் ஓடுகிறது, நகம் வளர்கிறது, கொசு கடித்தால் தடிக்கிறது. அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடமும் பெரும்பாலானவர்களுக்குத் தன் அளவில் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. மூளைக்கும் அதற்கும் இடையே உள்ள பாதைதான் அறுந்திருக்கிறது. அதனால் கீழே ஏதாவது கெட்டால் சேதி சுற்றுவழியாக வரும். தசை தானாக விறைத்து வெட்டுகிற இழுப்பாக வரும், நெற்றி வியர்வையாக வரும், காரணம் தெரியாத தலைவலியாக வரும். அந்தச் சேதியைப் படிக்கத் தெரியாமல்தான் பலர் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

அடிபட்ட முதல் நாட்களில் சிலர் "காலைக் கொஞ்சம் இறக்கி வைங்க" என்று கேட்பார்கள். கால் நேராக நீட்டித்தான் இருக்கும். அவருக்கோ முழங்கால் மடங்கி அந்தரத்தில் தூக்கி நிற்பதுபோல் தோன்றும். கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் மூளைக்கு வராததால் அது தானாக ஒரு நிலையை நினைத்துக்கொள்கிறது. புத்தி பேதலித்துவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம். போர்வையை விலக்கி, அவர் கண்ணால் பார்க்கும்படி தலையை உயர்த்திக் காட்டுங்கள். பலருக்கு இது போகப் போகக் குறையும்.

வலி அப்படி எளிதில் குறைவதில்லை. "உணர்ச்சியே இல்லைங்கிற, அப்புறம் எப்படி எரியும்?" என்று பெற்ற தாயே கேட்பதுண்டு. எரியும். மிளகாய் அரைத்துப் பூசியதுபோல, கரன்ட் அடிப்பதுபோல, இரவில் இன்னும் அதிகமாக. அறுந்த பாதையின் நரம்புகள் தாமாகவே கிளப்பும் வலி இது. பாராசிட்டமாலுக்கு அடங்காது. பிரிகாபலின், காபாபென்டின் போன்ற மருந்துகளை டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் இதற்குச் செய்கிற பெரிய தவறு ஒத்தடம். வலி பிறப்பது தண்டுவடத்தில், வெந்துபோவது தோல். சூடு தெரியாத காலில் வெந்நீர்ப் பையோ வறுத்த மணல் மூட்டையோ வைத்தால், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மடியில் வைத்த சூடான டிபன் பாக்ஸ், பைக் சைலன்சர், வெயிலில் நின்ற சக்கர நாற்காலியின் கால்தட்டு எல்லாம் இதே கணக்குத்தான்.

இழுப்பு வந்தால் "கால் ஆடுது, நரம்புக்கு உயிர் வந்துடுச்சு" என்று வீடே மகிழும். அந்த நம்பிக்கையைக் கிள்ளிப்போட எனக்கும் மனம் வராது. ஆனால் மூளையின் கட்டுப்பாடு இல்லாத தண்டுவடம் தானாகச் செய்கிற அசைவு அது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இழுப்பு முழுக்கக் கெடுதலும் இல்லை. தசை வற்றாமல் ஓரளவு காக்கும், கட்டிலிலிருந்து மாறும்போது அந்த விறைப்பைப் பிடிமானமாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது மாற்றத்தை. வழக்கமாக நாலு தடவை வருவது ஒருநாள் நாற்பது தடவை வந்தால், கீழே ஏதோ கெட்டிருக்கிறது. யூரினில் கிருமி, மலச்சிக்கல், காலில் உள்வளர்ந்த நகம், புதிதாகத் தொடங்கும் புண் என்று தேடுங்கள். இழுப்பு மாத்திரையைக் கூட்டுவது அதற்குப் பிறகுதான். முதுகின் அடிப்பகுதியில், தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே அடிபட்டவர்களுக்கு இழுப்பு வராது, கால் துவண்டே இருக்கும். அவர்களுக்கு இந்த எச்சரிக்கை மணியும் கிடையாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமான சேதி ஒன்று உண்டு. தண்டுவடத்தின் டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது) மட்டத்திலோ அதற்கு மேலோ, அதாவது நெஞ்சுக்குழியிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வருவது. திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்ப்பது, மூக்கடைப்பு, மயிர்க்கூச்செறிவது. கீழே நிரம்பிய மூத்திரப்பையோ இறுகிய மலமோ தொந்தரவு செய்ய, கீழ்ப்பகுதி ரத்தக்குழாய்கள் சுருங்கி பிரஷர் எகிறுகிறது. அதை அடக்கும் உத்தரவு மூளையிலிருந்து கீழே போய்ச் சேர வழியில்லை. இவர்களுக்கு வழக்கமான பிரஷரின் மேல் அளவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். ஆகவே 140 என்று காட்டினால் "இது நார்மல்தானே" என்று நர்ஸ் சொல்லக்கூடும். அவருக்கு அது 30, 40 கூடுதல். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். உங்கள் ஆளின் வழக்கமான பிரஷரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள்.

இந்தத் தலைவலி வந்தால் முதல் வேலை, நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுவது. தலைவலி என்றதும் படுக்க வைப்பதுதான் எல்லோருக்கும் வருகிற யோசனை. அது பிரஷரை இன்னும் ஏற்றிவிடும். பெல்ட், வயிற்றுக்கட்டு, சாக்ஸ், ஷூ, யூரின் பேக்கின் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். அடுத்து யூரின் டியூப்: மடங்கியிருக்கிறதா, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாரா, பேக் நிரம்பிவிட்டதா? அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். டியூப் போடாதவர் என்றால் உடனே கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு யூரினை எடுக்க வேண்டும். அடிவயிற்றை அழுத்தவே கூடாது. யூரின் வெளியேறியும் அடங்கவில்லையென்றால் மலம். கையுறை போட்டு லிக்னோகைன் ஜெல்லி தடவி, 2 நிமிடமாவது பொறுத்து, பிறகுதான் விரலால் பார்க்க வேண்டும். மரக்கும் ஜெல்லி இல்லாமல் தொட்டால் அந்தத் தொடுகையே பிரஷரை மேலும் ஏற்றும். 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பாருங்கள். 150-க்கு மேல் நின்றாலோ காரணம் பிடிபடவில்லை என்றாலோ அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரை போட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். பிரஷரை இறக்க அங்கே கொடுக்கக்கூடிய நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

இனி தோல். 1944-ல் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது, இரவு பகலாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்ததுதான் அவருடைய பெரிய மருந்து. அதுவரை இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் யூரின் கிருமியாலும் இறந்துகொண்டிருந்தார்கள். இன்றைக்கும் வாட்டர் பெட் வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் வீட்டில்தான் வால் எலும்பின் மேல் புண் வருகிறது. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதையும் விட்டுவிடுங்கள். வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுத்தோலுக்குப் போகும் ரத்தத்தையே குறைத்துவிடும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் கையை ஊன்றி நாலைந்து விநாடி எம்பினால் போதாது. நசுங்கிய தோலுக்கு ரத்தம் திரும்பிவர 2 நிமிடம் அளவுக்குப் பிடிக்கும். அவ்வளவு நேரம் எம்பி நிற்கத் தோளால் முடியாது, முயன்றால் தோள் தேய்ந்துபோகும். அரைமணிக்கு ஒருமுறை நெஞ்சு தொடையில் படும்படி முன்னால் குனிந்து 2 நிமிடம் இருப்பது எளிது. விழுந்துவிடாமல் முன்னால் ஒரு மேஜை இருக்கட்டும்.

புத்தகங்களில் "தோல் சிவந்தால் கவனி" என்று இருக்கும். வெள்ளைத்தோலை வைத்து எழுதியது அது. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, கொஞ்சம் கருமை கூடியதுபோல்தான் இருக்கும். அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால் உள்ளே தொடங்கிவிட்டது. அரைமணியில் மாறாவிட்டால் அந்த இடத்தில் எடை விழாமல் படுத்துவிட வேண்டும், கல்யாணமே இருந்தாலும். ராத்திரி படுக்கும் முன் பிட்டம், வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் நான்கையும் கண்ணாடியிலோ போன் கேமராவிலோ அவரே பார்க்கட்டும். தன் உடம்பு தன் பொறுப்பில் இருக்கிறது என்ற எண்ணம் இப்படித்தான் திரும்ப வருகிறது. அடுத்தவர் பார்த்துச் சொல்லும்போது அது வருவதில்லை.

இந்த இடத்தில் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். உணர்ச்சியற்ற கையைக் கண்ணால் காக்கக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அந்த நோயாளிகள். அவருடைய காலுக்கும் அதே பாடம்தான்.

யூரினைப் பற்றிச் சுருக்கமாக. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் விட்டு எடுத்து, ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் கிட்னி பிழைக்கும். வெளியே போகும்போது நனைந்துவிடுமே என்று தண்ணீரைக் குறைப்பது கிருமியையும் கல்லையும் வரவழைக்கும். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு உடம்பின் பெரும்பகுதியில் வியர்க்காது. மே மாத வெயிலில் கிருமி எதுவும் இல்லாமலேயே உடம்பு கொதிக்கும். முகத்திலும் கழுத்திலும் கையிலும் தண்ணீர் தெளித்து விசிறிவிடுவதுதான் அவர்களுக்கு வியர்வை.

கடைசியாகக் கை. இதை உரக்கச் சொல்ல ஆளில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. கழுத்தில் சி6 (கழுத்துப் பகுதியின் ஆறாவது) மட்டத்தில் அடிபட்டவருக்கு விரல் அசையாது, மணிக்கட்டை மட்டும் மேலே தூக்க முடியும். அவர் கையைக் கவனித்துப் பாருங்கள். மணிக்கட்டு தொங்கினால் விரல்கள் தாமாக விரியும். மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கம் வந்து ஒட்டும். டம்ளரைத் தூக்க, போனைப் பிடிக்க, கதீட்டரைத் தானே எடுக்க இந்த ஒரு பிடி போதும். விரலை மடக்கும் தசைநார் சற்றுக் குட்டையாக இறுகியிருப்பதால்தான் இது நடக்கிறது. எண்ணெய் போட்டு உருவி மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் பின்னால் வளைத்து நீட்டினால் அந்தத் தசைநார் தொளதொளத்துவிடும், பிடியும் போய்விடும். பாசத்தோடு செய்வதுதான், ஆனாலும் போனதை மீட்பது கடினம். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்களை மடங்க விடுங்கள். விரல்களை நீட்ட வேண்டுமானால் மணிக்கட்டைக் கீழே மடக்கிக்கொண்டு நீட்டுங்கள். இந்த இரண்டு வரியையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள், உருவிவிட வருகிற சித்தப்பா முதலில் அதைப் படிக்கட்டும்.