மெம்பரேனை மாத்துங்க சார், அதுக்கு மாலை போடாதீங்க

மறுபடியும் ஒரு திறப்பு விழா. அதே அரசுப் பள்ளி, அதே சத்துணவுக் கூடத்துச் சுவர், "சுத்திகரிக்கப்பட்ட குடிநீர் இயந்திரம் அர்ப்பணிப்பு"ன்னு அதே வாசகம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே சங்கம் அர்ப்பணிச்ச பழைய ஆர்.ஓ. மெஷின் எங்கேன்னு கேட்கிறீங்களா? பக்கத்துலயே நிக்குது, தன்னோட கல்வெட்டோட. அதோட ஸ்டீல் கால்ல சாமியானா கயிறைக் கட்டியிருந்தாங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் அதுக்கு ஒரு வேலை.

எந்தச் சேவை சங்கம்னு கேட்காதீங்க. உங்க ஊர்லயும் ஒண்ணு இருக்கும்.

அழைப்பிதழ்ல காலை 10 மணி. ஒன்பதரைக்கே ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் வெயில்ல உட்கார வச்சாச்சு. சாமியானா மேடைக்கு மட்டும்தான். மேடையில 17 நாற்காலி, ஒவ்வொண்ணுக்கும் வெள்ளை உறை, பின்னால பச்சை ரிப்பன். சிறப்பு விருந்தினர் வந்தப்ப மணி 11.50. அப்பவாவது ஆரம்பிச்சாங்களா? குத்துவிளக்கு. திரி அஞ்சு, ஏத்துறதுக்கு ஏழு பேர். பெடஸ்டல் ஃபேன் நேரா விளக்கைப் பார்த்து சுத்துது. மெழுகுவர்த்தி அணையுது, பத்த வைக்கிறாங்க, அணையுது, மறுபடி பத்த வைக்கிறாங்க. ஏழு பெரிய மனுஷங்களும் கையைக் குவிச்சுக் காத்தை மறைக்கிறாங்களே தவிர, ஃபேனை நிறுத்தலாம்னு ஒருத்தருக்கும் தோணல. சத்துணவு அக்கா ஒருத்தங்க எந்திரிச்சுப் போய் சுவிட்சை அமத்தினாங்க. அவங்களைத்தான் சார் அடுத்த தலைவரா போட்டிருக்கணும்.

அப்புறம் பொன்னாடை. சாசனத் தலைவருக்கு, உடனடி முன்னாள் தலைவருக்கு, மண்டலத் தலைவருக்கு, வட்டாரத் தலைவருக்கு, அவங்க கூட வந்தவங்களுக்கு. பேரு, பேருக்குப் பின்னால ஆங்கில எழுத்து நாலு, அப்புறம் "அவர்களுக்கு நமது செயலாளர் அவர்கள்...". போட்டோகிராபர் "சார், ஒரு செகண்ட், ஃபிளாஷ் அடிக்கல"ங்கிறார். போட்ட சால்வையை எடுத்து மறுபடி போடுறாங்க. மூணாவது ஆளுக்குப் போட்ட சால்வையே பதினொண்ணாவது ஆளுக்குத் திரும்பி வந்துச்சு. ஓரத்துல இருந்த மஞ்சள் கறை காட்டிக் கொடுத்துடுச்சு. அர்ப்பணிக்கிறது தண்ணி மெஷின், ஆனா மேடை மேல வரிசையா சீல் உடைக்காத பிளாஸ்டிக் பாட்டில்.

ரிப்பன் வெட்டி சுவிட்ச் போட்டப்ப 12.45. மெஷினுக்குள்ள உப்பை வடிகட்டுற சவ்வுதான் மெம்பரேன். புதுசு பல சமயம் பாக்டீரியா புடிக்காம இருக்க மருந்துக் கரைசல்ல ஊறித்தான் வரும். மாட்டினதும் ஒரு மணி நேரமாவது ஓட்டி, வர்ற தண்ணியைக் கொட்டிடணும். முந்தின நாளே செய்ய வேண்டிய வேலை. மேடை போடுற அவசரத்துல யார் செஞ்சா? முதல் டம்ளரை சிறப்பு விருந்தினர் கையில குடுத்தாங்க. அவர் விவரம் தெரிஞ்சவர்போல. உதட்டுல வச்சார், கிளிக், கீழே வச்சுட்டார். நேரா பாட்டிலுக்குப் போயிட்டார். மிச்சத் தண்ணி பிள்ளைங்களுக்கு.

சரி, பழைய மெஷினுக்கு என்னதான் நோய்? கேட்டா "கெட்டுப் போச்சு"ம்பாங்க. என்ன கெட்டுச்சு? மோட்டாரா? பேனலா? ஒண்ணும் இல்ல. அது மணிக்கு 250 லிட்டர் மெஷின், உள்ளே ஒரே ஒரு 4040 மெம்பரேன். நாலு இஞ்ச் குறுக்களவு, நாப்பது இஞ்ச் நீளம், அவ்வளவுதான். போர் தண்ணியோட டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குங்கிற கணக்கு, 1,800 பக்கம். குடிநீர்ல 500 வரைக்கும் இருந்தா நல்லதுங்கிறது இந்தியத் தர அளவு. வேற வழியே இல்லைன்னா 2,000 வரை. அப்படிப்பட்ட உப்புத் தண்ணியை மெம்பரேனுக்குள்ள விடுறதுக்கு முன்னால நாலு காவல் இருக்கு. மணல் ஃபில்டரை ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாவது வால்வைத் திருப்பி பேக்வாஷ் பண்ணணும், அதாவது தண்ணியை எதிர்ப்பக்கமா விட்டுக் கழுவணும், பத்து நிமிஷ வேலை. அடுத்த ஃபில்டர்ல இருக்கிற கார்பன் கரி தீர்ந்தா மாத்தணும். இல்லன்னா பஞ்சாயத்துத் தண்ணியைச் சேர்த்து விடுறப்ப அதுல வர்ற குளோரின் மெம்பரேனை அரிச்சுடும். பொடித் தூசியைப் பிடிக்கிற அஞ்சு மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்கு முன்னாலயும் பின்னாலயும் இருக்கிற ரெண்டு பிரஷர் கேஜுக்கு நடுவுல ஒரு கிலோ அழுத்த வித்தியாசம் வந்தா கார்ட்ரிட்ஜை மாத்தணும். விலை சில நூறு ரூபாய். மேடையில போட்ட ஒரு சால்வை காசு! உப்பு படியாம இருக்க ஆன்டிஸ்கேலன்ட் கேன் ஒண்ணு பக்கத்துல இருக்கும், அது காலியாகாம பார்த்துக்கணும். பழைய மெஷின்ல அந்தக் கேனுக்குள்ள பல்லி முட்டை போட்டிருக்கு.

இதையெல்லாம் விட மெம்பரேனைக் கொன்னது மே மாசம். கோடை லீவுல பள்ளியை மூடுறாங்க, மெஷினையும் அப்படியே மூடுறாங்க. ஈரத்தோட சும்மா கிடக்கிற மெம்பரேன்ல பாசி மாதிரி பாக்டீரியா படியும். ஒண்ணு, தினம் அரை மணி நேரம் யாராவது ஓட்டணும். இல்லன்னா ஒரு சதவீத சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலை உள்ளே நிரப்பி மூடி வைக்கணும். சாவி ஹெச்.எம். மேஜையில, ஹெச்.எம். லீவுல. ஜூன்ல பள்ளி திறந்தப்ப தண்ணி நாறுச்சு, பிள்ளைங்க குடிக்கல, மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டாங்க. கதை முடிஞ்சுது. புது மெம்பரேன் பத்துப் பன்னிரண்டாயிரம், கூட கார்பன், கார்ட்ரிட்ஜ், மெக்கானிக் கூலி. அதோட மெஷின் எந்திரிச்சு உட்கார்ந்திருக்கும். புது மெஷின் லட்சத்தை ஒட்டி.

ஏன் செய்யல? காலண்டரைப் பாருங்க. இந்த மாதிரி சங்கங்களுக்கு ஆண்டு ஜூலை 1-ல தொடங்கி ஜூன் 30-ல முடியுது. தலைவர் பதவி ஒரே வருஷம். மெஷின் நாறுறது ஜூன்ல. பழைய தலைவருக்குக் கழுத்துல போட்ட பதவிக் காலரைக் கழட்டுற வேலை. ஜூலைல புதுத் தலைவர் வருவார், பதவியேற்பு விழா, மாவட்ட கவர்னர் விசிட். (மாநில கவர்னர் இல்ல, சங்கத்தோட மாவட்டப் பொறுப்பாளர், பயப்படாதீங்க.) அவர் கிட்ட "போன வருஷத்து மெஷினுக்கு மெம்பரேன் மாத்தினோம்"னு சொன்னா கைதட்டல் விழுமா? மாத்தின மெம்பரேனுக்கு எந்தச் சுவத்துல கல்வெட்டு வைக்கிறது? போன வருஷத்துத் திட்டம் போன வருஷத்துத் தலைவரோட பிள்ளை. இவர் ஏன் சோறு போடணும்?

வசூல் மட்டும் வருஷம் தவறாது. விழா மலர்ல பின் அட்டை கலர் ஒரு ரேட், உள்பக்கம் கறுப்பு வெள்ளை ஒரு ரேட், கால் பக்கம் "வாழ்த்துகளுடன்". மளிகைக் கடைக்காரர் கொடுக்கலன்னா அடுத்த வாரம் வியாபாரிகள் கூட்டத்துல முகம் கொடுக்க மாட்டாங்க. இன்னிசை இரவு டிக்கெட் ஒரு கட்டு. 2003-லயே லாட்டரியை ஒழிச்ச மாநிலத்துல, "நன்கொடைக் கூப்பன், முதல் பரிசு ஸ்கூட்டி"ன்னு இன்னொரு கட்டு. "வருமான வரி விலக்கு ரசீது உண்டு சார்"னு சொல்லி ரொக்கமா ஐயாயிரம் வாங்கிட்டுப் போறாங்க. ரொக்கம் ரெண்டாயிரத்தைத் தாண்டினா அந்த விலக்கே கிடையாது, வங்கி வழியா குடுங்கன்னு சொல்ல வேண்டியது யாரு? மலர் விளம்பரம் நன்கொடையே இல்ல, அது விளம்பரச் செலவு. வாங்கிட்டுப் போன பணத்துல தண்ணிக்கு எவ்வளவு, ஃபிளெக்ஸுக்கு எவ்வளவுன்னு மட்டும் எந்த மலரோட எந்தப் பக்கத்துலயும் இருக்காது.

சேவை சங்கம்னாலே இப்படித்தான்னு சொல்லவும் மனசு வரல. போலியோவை எடுத்துக்குங்க. 1979-ல பிலிப்பைன்ஸ்ல தொடங்கின ரோட்டரிக்காரங்க, 1985-ல உலகம் முழுக்கன்னு இறங்கினாங்க. 2014-ல இந்தியா போலியோ இல்லாத நாடுன்னு சான்று வாங்கினப்ப அதுல அவங்க பங்கும் இருந்துச்சு. அதுல என்ன மேடை? சொட்டு மருந்து போட்ட பிள்ளைக்குச் சுண்டு விரல்ல மை, விட்டுப் போன வீட்டுச் சுவத்துல சாக்பீஸ்ல எக்ஸ் குறி, அந்த வீட்டுக்கு மறுபடி போ. தலைவர் மாறினார்னு எக்ஸ் குறியை யாரும் அழிச்சுடல.

இங்கே கேட்கிறது அவ்வளவு பெரிய விஷயம்கூட இல்லைங்க. மெஷின் வாங்குறப்பவே மூணு வருஷ பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து வாங்குங்க. அந்தப் பணத்தைத் திறப்பு விழாவுக்கு முன்னாலயே தனியா வைங்க. கழிவா வெளியே போற உப்புத் தண்ணி பாதிக்கும் மேல, அதைக் கழிப்பறைத் தொட்டிக்கு ஒரு குழாய் இழுங்க. இப்ப அது வேப்பமரத்தடியில சேறாகி கொசு வளர்க்குது. சுவத்துல ஒரு அட்டை மாட்டி டி.டி.எஸ்., பிரஷர், தேதி எழுதச் சொல்லுங்க. நானூறு ரூபாய் மீட்டர் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளை அழகா எழுதும். கல்வெட்டுல 23 பேர் இருக்கீங்களே, கீழே மெக்கானிக் நம்பர் ஒண்ணு பொறிக்க இடமா இல்ல?

சொன்னா கேட்கவா போறாங்க. அடுத்த ஜூலைக்குப் புதுத் தலைவர், மூணாவது மெஷின். சுவர்ல இடம் இல்லாம சத்துணவுக் கூடத்தை இடிச்சாலும் இடிப்பாங்க, அதுக்கும் ஒரு அடிக்கல் நாட்டு விழா இருக்கும்.

அது கிடக்கட்டும். விழாவுல குடுத்த மிக்சர் பொட்டலத்துல ஒரு கடலைகூட இல்ல சார். வெறும் ஓமப்பொடி, ரெண்டு கறிவேப்பிலை. மிக்சர்ல கடலை போடுறதை நிறுத்தினது எந்த வருஷத் தலைவர்?