மிடி வயரை நேராக டிரிகருக்குக் கொடுத்தால் போதுமா?

“மிடியும் 5 வோல்ட், டிரம் சிந்தின் டிரிகரும் 5 வோல்ட். 4, 5 பின்களை நேராக இழுத்து விடுங்கள், கிட் எல்லாம் தண்டச் செலவு” என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். (மிடி என்பது மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை; டிரிகர் என்பது டிரம் சிந்தை, அதாவது டிரம் ஒலி எழுப்பும் மின்னணுக் கருவியை, ஒருமுறை ஒலிக்க வைக்கும் மின் துடிப்பு; கிட் என்பது மிடியை டிரிகராக மாற்றும் சர்க்யூட்.) தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மிடியில் வருவது வெறும் தட்டல் அல்ல, தகவல். நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடும் சீரியல் தொடர் அது. ஒரு நோட் ஆன் (‘இந்த நோட்டை வாசி’ என்ற செய்தி) என்றால் மூன்று பைட்: எந்தச் சேனல், எந்த நோட், எவ்வளவு அழுத்தம். மொத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கும் சற்றுக் குறைவு. நேராக இணைத்தால் கிக், ஸ்நேர் என எந்த டிரம்மானாலும் சிந்துக்கு ஒன்றுதான். போதாக்குறைக்கு சீக்வென்சர் (நோட்டுகளை வரிசையாக அனுப்பும் கருவி) வேகம் காட்டும் கிளாக்கும் அனுப்பினால் கால் நோட்டுக்கு 24 பைட் வரும். அத்தனைக்கும் டிரம் படபடக்கும்.

கிட்டில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சிப்தான் ‘நோட் எண் 36 வந்தால் கிக் அவுட், 38 வந்தால் ஸ்நேர் அவுட்’ என்று பிரித்து, சில மில்லிசெகண்ட் நீளத்துக்குச் சுத்தமான பல்ஸ் தருகிறது. வெலாசிட்டி (அழுத்தம்) பூஜ்யத்தோடு வரும் நோட் ஆனை நோட் ஆஃப் என்று புரிந்துகொள்வதும் அதுவே.

5 வோல்ட் கணக்கும் சரியில்லை. மிடி 5 மில்லிஆம்ப் கரண்ட் லூப். எதிர்முனையில் ஆப்டோகப்ளர் (உள்ளே இருக்கும் எல்இடியின் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் சிப்) இருக்க வேண்டும். அதன் எல்இடிக்குக் குறுக்கே வரும் 1என்4148 டயோடின் கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பாருங்கள். நான் திருப்பி வைத்துவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருந்தேன்.