சோலார் கணக்கைத் தெரு வரைக்கும் திறந்து வையுங்கள்

எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் வாழ்பவர்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம், வட சென்னை அனல் மின் நிலையம், 1,500 மெகாவாட் வல்லூர், 2024 மார்ச்சில் திறந்த இன்னொரு 800 மெகாவாட் என்று எல்லாம் நம் பக்கத்துக்கே வந்தன. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீன்பாடு எப்படிப் போனது என்று காட்டுக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் வட சென்னையின் மொட்டை மாடிகளில் சோலார் வர வேண்டும் என்று நான் கேட்பதற்குக் கரண்ட் பில்லைத் தாண்டியும் காரணம் இருக்கிறது.

மானியம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அறிவித்த பி.எம். சூர்ய கர் திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி வீடுகள். இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 வரை கிடைக்கும். சரி, பணம் இருக்கிறது. தகவல்தான் இல்லை. அதை மின்வாரியம் பகுதி வாரியாக வெளியிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

திருவொற்றியூரில் நண்பர் ஒருவர் மூன்று கிலோவாட் போடலாம் என்று கொட்டேஷன் வாங்கினார். ஒருவர் நாளைக்கு 18 யூனிட் நிச்சயம் என்று எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் 12 என்றார். மூன்றாமவர் யூனிட்டைப் பற்றிப் பேசவே இல்லை, "மத்ததெல்லாம் பார்த்துக்கலாம் சார், இந்த மாசம் முடிஞ்சா ஆஃபர் போயிடும்" என்றார். விலையிலும் ஆளுக்கு ஆள் பல ஆயிரம் வித்தியாசம். சென்னை வெயிலுக்கு ஒரு கிலோவாட், வருஷ சராசரியில், நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். அந்தக் கணக்கில் 12 சொன்னவர்தான் நியாயமாகச் சொன்னவர். ஆனால் நண்பருக்கு அது எப்படித் தெரியும்? அதிகம் சொன்னவர்தான் கெட்டிக்காரராகத் தெரிந்தார்.

இந்த நான்கு யூனிட்டும் சென்னைக்குப் பொதுவான கணக்குத்தான். நம் பக்கத்துக் கதை வேறு. திருவொற்றியூரிலோ எர்ணாவூரிலோ மாடியில் கிடக்கும் பேனலை ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்துப் பாருங்கள், துணி கரிப்பிடித் துணி ஆகிவிடும். பிழிந்தால் வாளித் தண்ணீர் கறுக்கும். நிலக்கரித் தூசி, லாரிப் புழுதி, கடல் உப்பு எல்லாம் சேர்ந்து படிகிறது. வாரம் ஒரு முறை துடைத்தால் எவ்வளவு வரும், மாதம் ஒரு முறை என்றால் எவ்வளவு குறையும்? காசிமேட்டுக் காற்றில் எந்த வகை ஸ்டாண்ட் துருப்பிடிக்காமல் நிற்கிறது? எந்த இன்வெர்ட்டர் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டியது? இதற்கெல்லாம் பதில் ஏற்கெனவே மாடியில் பேனல் வைத்திருப்பவர்களின் மீட்டரில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரின் பதிலும் அவரவர் வீட்டோடு நின்றுவிடுகிறது.

இதில் எனக்கு ரொம்ப உறுத்துவது ஒன்று. அனல் மின் நிலையங்களின் கணக்கை மத்திய மின்சார ஆணையம் தினமும் வெளியிடுகிறது. எந்த அலகு எவ்வளவு உற்பத்தி செய்தது, எது நின்றது, பாய்லர் குழாய் ஒழுகி நின்றதா, நிலக்கரி இல்லாமல் நின்றதா என்பது வரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்ல வழக்கம், அது தொடர வேண்டும். அதே மரியாதையை மக்கள் தங்கள் மாடியில், மக்கள் வரிப்பணத்தின் மானியத்தோடு உற்பத்தி செய்யும் மின்சாரத்துக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சோலார் பற்றிச் செய்தியில் வருவது மாநில மொத்தம். அதை வைத்துக்கொண்டு கொருக்குப்பேட்டையில் ஒருவர் என்ன முடிவு எடுக்க முடியும்?

இலக்குகள் நமக்கு நன்றாகவே தெரியும். 2012-இல் வந்த தமிழகச் சூரிய சக்திக் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது. 2019 கொள்கை 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோர் பக்கத்திலிருந்து என்றது. அந்த 40 சதவீதத்தில் தண்டையார்பேட்டையின் பங்கு என்ன, வியாசர்பாடியின் பங்கு என்ன? மின்வாரியத்தின் எந்தப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பம் குவிந்து கிடக்கிறது, எங்கே விண்ணப்பமே வரவில்லை? இது தெரிந்தால்தான் அடுத்த முகாமை எங்கே போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

காத்திருப்புக் கணக்கும் வேண்டும். 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தினார்கள். பத்து கிலோவாட் வரையிலான கூரை சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்றார்கள். மின் விநியோக நிறுவனம் இணைப்பை இயக்கிக் கொடுக்க இருந்த 30 நாள் கெடுவை 15 நாளாகக் குறைத்தார்கள். அருமையான திருத்தம். ஆனால் பேனல் மாட்டிவிட்டு நெட் மீட்டருக்காக (நாம் வாங்கும் கரண்டையும் திருப்பிக் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) அலைகிறவரிடம் "எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது" என்று கவுண்டரில் சொன்னால், அது உண்மையா என்று அவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? பிரிவு வாரியாக விண்ணப்பத் தேதியும் மீட்டர் மாட்டிய தேதியும் பொதுவில் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நேர்மையாக வேலை செய்யும் ஏ.ஈ.க்கும் (உதவிப் பொறியாளருக்கும்) அதுதான் பாதுகாப்பு. அவர் அலுவலகம் சீக்கிரம் முடித்துக் கொடுக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

குடியிருப்புச் சங்கங்களுக்கு இன்னொரு சிக்கல். லிஃப்ட், மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு சோலார் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. ஆனால் பத்து கிலோவாட்டைத் தாண்டினால் ஆய்வு வரும், "ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்காது" என்ற பதிலும் வரலாம். எந்தத் தெரு ட்ரான்ஸ்ஃபார்மரில் இன்னும் எவ்வளவு சோலார் ஏற்றலாம் என்று முன்கூட்டியே பட்டியல் இருந்தால், சங்கம் வீணாகப் பணம் திரட்டி ஏமாறாது.

வெளியூரில் செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2007-இல் தொடங்கிய சோலார் மானியத் திட்டத்தில், வந்த விண்ணப்பங்களின் விவரத்தை ஊர் பார்க்க வைத்தார்கள். எத்தனை கிலோவாட், என்ன விலை, யார் மாட்டியது, எந்த அஞ்சல் பகுதி, எந்தத் தேதி எல்லாம் அதில் இருந்தது. அந்தக் கணக்கை வைத்து ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: ஒரு பகுதியில் ஒரு வீடு சோலார் போட்டால், அதே பகுதியில் அடுத்த வீடு போடும் வாய்ப்பு கூடுகிறது. நம் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா பில்லைக் காட்டினால் நம்புகிற அளவுக்கு விளம்பரத்தை யாரும் நம்புவதில்லை.

அந்தரங்கம் என்னாவது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வீட்டு மின் பயன்பாடு தெரிந்தால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது வரை ஊகிக்கலாம். ஜெர்மனியில் 2019 முதல் இயங்கும் மின் உற்பத்திப் பதிவேட்டில் வீட்டுக் கூரையின் சின்ன அமைப்பு கூடப் பதிவாக வேண்டும், பதிவேடும் பொதுவில் இருக்கிறது. ஆனால் தனிநபர்களின் சிறிய அமைப்புகளுக்குப் பெயரும் வீட்டு முகவரியும் காட்டுவதில்லை, ஊரும் அஞ்சல் எண்ணும் மட்டும்தான். நமக்கும் அது போதும். பெயர், கதவு எண், இணைப்பு எண் எதுவும் வேண்டாம். உற்பத்தியைக் கூட வீடு வீடாகப் போட வேண்டாம், பிரிவு வாரியாக, கிலோவாட்டுக்கு மாதம் எத்தனை யூனிட் என்று போடுங்கள்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மானியத் திட்டங்கள் எப்படி நிறைவேற்றப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் விவரம் என்ன என்பதை அரசு அமைப்புகள் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. மனு போட்டு, பத்து ரூபாய் கட்டி, முப்பது நாள் காத்திருந்து வாங்க வேண்டிய விஷயமே இல்லை இது. வெளியிடும்போது ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஆக இல்லாமல், கூட்டிக் கழித்துப் பார்க்கக்கூடிய அட்டவணையாக, மாதா மாதம், தமிழில் தலைப்புகளோடு போட வேண்டும். அப்புறம் அதைப் படித்துச் சொல்ல நம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், மணலி, எண்ணூர் பக்கம் மாடியில் சோலார் போட்டவர்கள் கீழே எழுதுங்கள்: எந்தப் பகுதி, எத்தனை கிலோவாட், மானியம் போக என்ன செலவு, நெட் மீட்டர் வர எத்தனை நாள், போன மாதம் எத்தனை யூனிட், எத்தனை நாளுக்கு ஒரு முறை துடைக்கிறீர்கள். பெயரும் இணைப்பு எண்ணும் வேண்டாம். வருகிறதை அட்டவணையாக்கி மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.