நாய்க்குப் பெயர் உண்டு, மனைவிக்கு இல்லை

மலையில் வருஷக்கணக்கில் தூங்கிப்போன அமெரிக்கக் கதை நாயகன் ரிப் வான் விங்கிள் என்றாலே வினாடி வினாவில் ஒரே கேள்விதான், எத்தனை வருஷம் தூங்கினான்? 20. கொஞ்சம் விவரமானவர்கள் அவன் நாயின் பெயரைக் கேட்பார்கள். வுல்ஃப். சரி, மனைவி பெயர்? யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் பதில் கிடையாது. வாஷிங்டன் இர்விங் 1819இல் வெளியிட்ட அந்தக் கதையில் சத்திரக்காரருக்குப் பெயர் உண்டு, பள்ளிக்கூட வாத்தியாருக்கு உண்டு, மகனுக்கும் மகளுக்கும் உண்டு, இந்தம்மா மட்டும் கடைசி வரை திருமதி வான் விங்கிள். கிரெட்சென் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பிற்பாடு ஜோசப் ஜெஃபர்சன் நடித்துப் புகழ்பெற்ற நாடகத்தில் வந்த பெயர்.

அவள் வாய்க்குப் பயந்துதான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் மாகாணத்துக் கேட்ஸ்கில் மலைக்குப் போய் அங்கே தூங்கிப்போனான் பாவம், என்றுதான் 200 வருஷமாக எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கதையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சோளம் உரிக்கவா, கல்வேலி கட்டவா, ஊர்ப் பெண்களுக்கு எடுபிடி வேலையா, ரிப் முதல் ஆளாக நிற்பான். சொந்த நிலம் என்றால் மட்டும் அவனுக்கு ஆகாது. பரம்பரைச் சொத்து ஏக்கர் ஏக்கராகக் கரைந்து, கொஞ்சம் சோளமும் உருளைக்கிழங்கும் போடுகிற துண்டு நிலம்தான் மிச்சம். பையன், அப்பா கழித்துப் போட்ட தொளதொளக் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அம்மா பின்னால் ஓடுகிறான். இந்த வீட்டில் எந்தப் பெண் கத்தாமல் இருப்பாள்? வேடிக்கை என்னவென்றால், அவன் கையால் உதவி வாங்கிய ஊர்ப் பெண்களே சாயங்கால அரட்டையில் தப்பெல்லாம் அவள் மேல்தான் என்று தீர்ப்பும் சொல்கிறார்கள். அவர்களுக்கென்ன, வேலை நடந்தால் சரி.

தூங்கி எழுந்து ஊர் திரும்பியவன் தன் வீட்டைப் பார்க்கிற இடத்தில் இர்விங் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார், உண்மையைச் சொன்னால் அந்தம்மா வீட்டை எப்போதும் ஒழுங்காகத்தான் வைத்திருந்தாள் என்று. எனக்கு மொத்தக் கதையிலும் பிடித்த வரி இதுதான். அப்புறம் மகள் சொல்லித்தான் அவள் செத்துப்போனது தெரியவருகிறது, ஏதோ ஒரு தெரு வியாபாரியிடம் சண்டை போட்டபோது ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். அதைக் கேட்டதும் ரிப்புக்கு ஆறுதல்! அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து அமெரிக்காவுக்கு விடுதலை கிடைத்தது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை, பெண்டாட்டி ஆட்சியிலிருந்து விடுதலை கிடைத்ததுதான் கொண்டாட்டம்.

இது நையாண்டி, கதை சொல்வது நிக்கர்பாக்கர் என்கிற கற்பனைக் கிழவர், அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பீர்கள். தெரியும். எழுதிய இர்விங்கும் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். இருந்தாலும், அப்பன் காணாமல் போனபோது மகள் ஜூடித் சின்னப் பெண். அவன் திரும்பும்போது அவளுக்கு வசதியான வீடு, கலகலப்பான விவசாயப் புருஷன், இடுப்பில் குழந்தை, அப்பனையும் கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறாள். அவளை வளர்த்து ஆளாக்கியது யார்? அதற்கு இர்விங் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. ரிப்போ மறுபடி சத்திரத்து பெஞ்சுக்கே போய்விடுகிறான், வயதாகிவிட்டதால் இப்போது சும்மா உட்கார்ந்திருப்பதற்கே மரியாதை வேறு. எனக்கு அவன் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை, அவளுக்கு ஒரு பெயர் வைக்கக்கூட மனசு வராத இர்விங் மேல்தான்.