முதல் அத்தியாயத்தையாவது படிக்க விடுங்கள்

உடம்பு படுத்தி எழுந்ததிலிருந்து மனம் ஒரு பக்கத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் தலையில் ஏறவில்லை. இந்த நிலைமைக்கு எந்தப் புத்தகம் ஒத்துவரும் என்று கேட்டால், ஆளாளுக்குத் தலையணை கனத்தில் ஒரு நாவலைச் சொல்கிறார்கள். "முதல் நூறு பக்கம் பொறுத்துக்கொள், அப்புறம் பிடித்துக்கொள்ளும்" என்று வேறு! அந்த நூறு பக்கம்தானே என்னால் முடியவில்லை?

சரி, நாமே பார்த்து எடுப்போம் என்று கடைக்குப் போனால், புத்தகத்தை பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்டி வைத்திருக்கிறார்கள். பிரிக்கக் கூடாதாம். பின்னட்டையில் கதையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆசிரியர் பிறந்த ஊர், வாங்கிய விருதுகள், யாரோ எழுதிய பாராட்டு. வீட்டுக்கு வந்து பிரித்தால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. முன்னுரையோ கதையின் முடிவையே சொல்லிவிடுகிறது.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை. சின்னச் சின்ன அத்தியாயங்கள், முடிகிற இடத்தில் ஒரு கொக்கி. அதனால்தான் ஐந்து பாகம் இருந்தும் அலுக்காமல் ஓடுகிறது. இன்றும் அப்படி எழுதுகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் "விறுவிறுப்பாக ஒன்று சொல்லுங்கள்" என்றாலே முகம் சுளிக்கிறார்கள், என்னவோ தரம் தாழ்ந்ததைக் கேட்டதுபோல.

பதிப்பாளர்களே, தலைப்புக்கு ஒரு பிரதியையாவது பிரித்து வையுங்கள். நின்றபடியே முதல் அத்தியாயத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறோம்.